பேரீச்சம்பழ டப்பாவில் நானூறு கேள்விகள்

டப்பாவை என் பக்கம் நீட்டிவிட்டு சித்திகா கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு எடுங்கக்கா. அப்புறம் டீ." டீ ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஆனால் டம்ளர் அவருடைய முழங்கைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வந்த பிளாஸ்டிக் டப்பா அது. உள்ளே கைவிட்டுக் கிளறி ஒரு தாளை எடுத்து வாசித்தேன்: 'தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு எப்போது படியத் தொடங்கும்? இரண்டு காரணம் சொல்லவும்.' மூடிய கண்ணோடு, பூண்டு உரிக்கும் கை நிற்காமல், அவர் மூன்று காரணம் சொன்னார். சொல்லி முடித்ததும் டம்ளர் என் பக்கம் நகர்ந்து வந்தது.

சேலையூரில் நாங்கள் இருப்பது எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு. அவர் கதவும் என் கதவும் எதிரெதிர். இந்தத் தேர்வாளர் வேலையிலிருந்து தப்பியவர் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. சிலிண்டர் கொண்டுவருபவர் ஒருநாள் தோளில் சிலிண்டரோடு நின்றபடியே தாளைப் படித்தார், பதிலை முழுக்கக் கேட்டார், "கரெக்டாக்கா?" என்று சித்திகாவிடமே விசாரித்துவிட்டுத்தான் இறக்கி வைத்தார். கானத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் எல்லம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் தாளை எடுத்துக் கொடுப்பார். சித்திகாவே கேள்வியை வாசித்து, சித்திகாவே பதிலும் சொல்லுவார். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு எல்லம்மா, "நடுவுல கொஞ்சம் இழுத்த மாதிரி கீது. இன்னொரு தபா சொல்லு" என்பார். எல்லம்மாவின் காது தப்பாது. தடுமாறிய இடம் எப்போதும் அந்த நடுவாகத்தான் இருக்கும். கணவர் அசார் மட்டும் எல்லாப் பதிலுக்கும் "கரெக்ட், கரெக்ட்" என்று சொன்னதால் முதல் வாரத்திலேயே பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

சித்திகாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறார். காலையில் ஊரே சென்னைக் கடற்கரை வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது, இவர் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போவார். "சீட்டு கெடைக்கிற திசையில வேலை தேடிக்கிட்டேன்க்கா. அது ஒண்ணுதான் நான் பிளான் பண்ணிப் பண்ணது" என்பார். பகுதிநேரமாக பிஎச்.டி.க்குப் பதிவு செய்து நான்காவது வருடம். பாடத்தாள்களையெல்லாம் எழுதித் தேறிவிட்டார். மிச்சமிருந்தது 'காம்ப்ரிஹென்சிவ்' என்கிற வாய்மொழித் தேர்வு. ஒரு குழுவின் முன்னால் உட்கார வேண்டும். துறையின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி வரலாம். அதில் தேறும்வரை பதிவு 'தற்காலிகம்'தான், தேறினால் 'உறுதி'. இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் பதிவு ரத்து, நான்கு வருடமும் போயிற்று. உறுதிக் கடிதத்தைச் செப்டம்பருக்குள் காட்டச் சொல்லி அவருடைய கல்லூரியும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. காட்டாதவர்களை என்ன செய்வார்கள் என்று அதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

டப்பாவில் இருந்தவை நாள்காட்டித் தாள்கள். அவருடைய தம்பி கடையில் தினம் கிழிக்கிற தாளின் பின்பக்கம் ஒரு கேள்வி, தமிழ் எழுத்தில், யார் எடுத்தாலும் வாசிக்கிற மாதிரி. நானூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தது. இதனால் ஒரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது. சித்திகாவுக்கு வேதியியல் முழுக்கத் தேதிகளாகவே ஞாபகம் இருந்தது. "அது ஆகஸ்ட் இருபத்தி மூணு" என்பார். அன்று யார் பிறந்தநாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அது படிக வளர்ச்சி பற்றிய கேள்வி என்று தெரியவரும்.

அவர் ஆராய்வது நம் வீட்டுக் குழாய்களில் படிகிற உப்பை. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளை, ஹீட்டருக்குள் வெள்ளை, ஷவரில் பாதித் துளை அடைப்பு என்று நாம் திட்டிக்கொண்டே ஊசியால் குத்துகிறோமே, அதை அவர் சுரண்டி எடுத்து உறையில் போட்டு இடமும் நாளும் எழுதி வைக்கிறார். என் குளியலறை ஷவர் மூன்று வாரம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தது. மற்றவர்கள் பால்கனியில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிற இடத்தில் இவர் துருப்பிடித்த குழாய்த் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு: மேடவாக்கம் ஏழு, சிட்லபாக்கம் மூன்று, கோவிலம்பாக்கம் நான்கு. முதலில் பார்க்கிறவர்கள் பழைய இரும்பு வாங்குகிறவர் வீடு என்றுதான் நினைப்பார்கள்.

துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பவர் பிளம்பர் சக்திவேல். பழைய இரும்புக் குழாயைக் கழற்றுகிற வீட்டிலெல்லாம் ஒரு சாண் அறுத்து, பையில் போட்டு எடுத்துவந்துவிடுவார். கோவிலம்பாக்கத்துத் துண்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. குறுக்கே அறுத்துப் பார்த்தால் விரல் தடிமனுக்கு வெள்ளையாக உப்பு, அதன் நடுவில் மட்டும் நூல் பிடித்ததுபோல ஒரு பழுப்பு வளையம். நான்கிலும் அதே இடத்தில். "அது வெள்ளம் வந்த வருசம்க்கா. கலங்கல் தண்ணி உள்ள பூந்து படிஞ்சிக்கீது" என்று சக்திவேல் சொன்னார். சித்திகா சிரித்துக்கொண்டே சீட்டில் 'பழுப்பு வளையம்' என்று மட்டும் எழுதிக் கட்டினார். அதைப் பற்றி டப்பாவில் கேள்வி எதுவும் எழுதிப் போடவில்லை.

நாள்காட்டித் தாள் வருகிற கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலையூர் மெயின் ரோட்டில் 'நசீருதீன் அண்ட் சன்ஸ்', குழாய் சாமான் கடை. சித்திகாவின் அத்தா நசீருதீன் பாய்க்கு மகன் ஒருவர்தான், மொஹ்சின். பலகையில் எப்படி 'சன்ஸ்' என்று கேட்டால், "இன்னொரு சன் நான்தான்க்கா" என்பார் சித்திகா. பாய்க்கு இப்போது முட்டி வலி, கடைக்கு வருவதில்லை. கடை மொஹ்சின் கையில். அவர் சாயங்காலத் தொழுகைக்குப் போகிற அரைமணி நேரம் மட்டும் கல்லாவில் சித்திகா உட்காருவார். பள்ளிக்கூட நாளிலிருந்து உள்ள வழக்கம் அது. எல்போ, டீ, நிப்பிள் என்று குழாயை இணைக்கிற சாமான் எதுவும் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கையில் அகப்படும்.

அந்தக் கடையில் பாய் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. கடையில் எது வேண்டுமானாலும் தீர்ந்து போகலாம், 'இல்லை' என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது வியாபாரத்துக்கு ஆகாது. அதனால் கேட்டது இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால், கேட்டதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்துப் பேச ஆரம்பிப்பார்கள். பேசுகிற வேகத்தில் வந்தவருக்குத் தான் கேட்டது மறந்துபோகும். இரண்டுமே நடக்காதபோது "நாளைக்கு வரும்". எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு நான் கேட்ட மிதவை வால்வு இரண்டு வருடமாக நாளைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக வாங்கிய மூன்று பொருள்கள் பரணில் இருக்கின்றன. எனக்குக் கோபமே வந்ததில்லை. அவ்வளவு அழகாகப் பேசுவார்கள்.

பிப்ரவரியில் முதல் தேர்வு. நானூறு தாளும் தலைகீழ்ப் பாடம். மத்தியானம் மூன்று மணிக்கு என் கதவைத் தட்டி, "ஊத்திக்கிச்சுக்கா" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் படிகத்தின் மேற்பரப்பு பற்றி ஏதோ ஒன்று கேட்டிருக்கிறார். சித்திகாவுக்கு அது தெரியவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தது தெரியும். அதைப் பதினெட்டு நிமிடம் சொல்லியிருக்கிறார். அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்க, இவர் இன்னொரு பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. பரவலாகப் படித்திருக்கிறார், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, ஆறு மாதம் கழித்து வரட்டும் என்று குழு எழுதிவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்ரீவித்யா வெளியே வந்து, "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எது தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா" என்றாராம். சித்திகாவுக்கு அது புரியவில்லை. எனக்கும்தான்.

புரியவைத்தவர் சக்திவேல். மறுவாரம் கடையில் சித்திகா கல்லாவில் இருந்தபோது அவர் சாமான் வாங்க வந்தார். ஊத்திக்கொண்ட கதையை ஒளிக்காமல் சித்திகா அவரிடமும் சொன்னார். தொழுகை முடிந்து மொஹ்சினும் வந்து சேர்ந்திருந்தார். நான் சோப்பு வாங்கிக்கொண்டு போகும் வழியில் அங்கே நின்றிருந்தேன்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதக்கா" என்றார் சக்திவேல். "போன வாரம் நான் முக்கா இன்ச்சு எல்போ கேட்டேன். நீ இன்னா குடுத்த?"

"ஒரு இன்ச் எல்போ. கூட, அளவைக் குறைக்க ஒரு ரெட்யூசர்."

"முக்கா இன்ச்சு கீதா இல்லியான்னு சொன்னியா?"

சித்திகா யோசித்தார். "அதான் வேலை முடிஞ்சுதே?"

"இங்க முடிஞ்சிச்சு. அங்கயும் அந்தாளு எல்போ கேட்டுக்கீறாரு. நீ ரெட்யூசர் போட்டுக் கட்டிக் குடுத்துக்கீற."

மொஹ்சின் சிரித்த சிரிப்பில் மேலே தொங்கிய ஹோஸ் பைப் ஆடியது. "அத்தா வளர்ப்புக்கா" என்றார். சித்திகா சிரிக்கவில்லை. கையிலிருந்த ரெட்யூசரைப் புதிதாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இதைக் கேட்ட மகள் இஃப்ரா, பதினோராம் வகுப்பு, எழுந்துபோய் டப்பாவைத் தரையில் கொட்டினாள். பத்து நிமிடம் கிளறிவிட்டு, "உனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா மட்டும்தானம்மா எழுதிப் போட்டிருக்க" என்றாள். அன்றிலிருந்து தாள் எழுதும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். பழைய தாள்களோடு அம்மாவுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஐம்பது கேள்விகளைக் கலந்துவிட்டாள். எது எதென்று எடுக்கும்வரை தெரியாது. அப்படியொன்று வந்தால் ஒரே ஒரு சொல்தான் பதில்: 'தெரியாது'. வேறு ஏதாவது வாயில் வந்தால் அன்று ராத்திரி வீட்டில் சமையல் இல்லை. கேம்ப் ரோட்டிலிருந்து பரோட்டா.

முதல் தாள் என் கையில்தான் வந்தது. 'வண்டலூர் பூங்காவில் நெருப்புக்கோழி எத்தனை?' பூண்டு உரிக்கிற கை முதல் தடவையாக நின்றது. கண்ணிமைக்குள் கருவிழி இப்படியும் அப்படியும் ஓடுவது தெரிந்தது. "எண்ணிக்கை வந்துக்கா... ஆனா அதோட முட்டை ஓடு பாத்தீங்கன்னா முழுக்க கால்சியம் கார்பனேட்தான். நம்ம குழாய்ல படியறதும்—"

"ம்மா" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

பரோட்டா.

மார்ச்சில் அந்தக் குடும்பம் பதினோரு ராத்திரி பரோட்டா சாப்பிட்டது. அசாருக்கு வருத்தமில்லை, தேர்வாளர் பதவியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். பறக்கும் ரயில் எப்போது வேளச்சேரியைத் தாண்டும் என்ற கேள்விக்கு சித்திகா தண்டவாள இரும்பின் துருப்பிடிப்பைச் சொன்னார். எதிர்வீட்டு அக்காவின் இரண்டாவது நாத்தனார் பெயர் என்ன என்பதற்கு, என் எதிரிலேயே, என் மாமியார் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொன்னார். வாய் தானாக நகர்ந்துவிடுகிறது என்பார். "பொய் சொல்லல அக்கா. தெரிஞ்சதத்தான் சொல்றேன். வந்தவங்களைச் சும்மா அனுப்ப மனசு வரல." ஏப்ரலில் ஏழு பரோட்டா. மே மாதத்தில் 'தெ' என்று ஆரம்பித்து நிற்கக் கற்றுக்கொண்டார். முதல் முழு 'தெரியாது' எல்லம்மாவிடம் வந்தது. மீனைக் கொடுத்துவிட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார் எல்லம்மா. சித்திகா அதை வாசித்து, கண்ணை மூடி, தெரியாது என்றார். "இதுல இழுப்பே இல்ல. நல்லாக் கீது" என்று எல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். ஜூலையில் ஒரே ஒரு பரோட்டா. அதுவும் இஃப்ரா கேட்டு வாங்கியது.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி இரண்டாவது தேர்வு. காலையில் பார்த்தபோது பச்சைக் கரை போட்ட புடவையில் இருந்தார். கைப்பையில் டப்பா, துணிப்பையில் கோவிலம்பாக்கத்துக் குழாய் ஒன்று. அது எதற்கு என்று கேட்டேன். கையில் ஏதாவது சாமான் இல்லாமல் யார் முன்னாலும் நின்று பேசிப் பழக்கமில்லை என்றார். ஆட்டோவில் ஏறும்போது குழாயின் முனை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; ஓட்டுநர் அதை மரியாதையாக உள்ளே தள்ளிவிட்டார்.

நடந்ததை அன்று சாயங்காலம் கடையில் வைத்துத்தான் கேட்டேன். தம்ரூட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ரவை இனிப்பில் ஒரு துண்டு கொடுத்தபடியே சொன்னார். முதல் நாற்பது நிமிடம் நல்லபடியாகப் போயிருக்கிறது. பிறகு அதே வெளித்தேர்வாளர் குழாயை வாங்கி, வெட்டுப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். இந்தப் பழுப்பு வளையம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"வாய்ல மூணு பதில் வந்து நின்னுதுக்கா. இரும்பு பத்தி ஒண்ணு, களிமண் பத்தி ஒண்ணு. மூணாவது நல்லா நீளமா இருந்துச்சு." அவர் மூன்றையும் விழுங்கினார். "தெரியாது சார்னேன்."

தேர்வாளர் குழாயை மறுபக்கம் திருப்பிப் பார்த்தாராம். ஆறு விநாடி என்று ஸ்ரீவித்யா பிறகு கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு விநாடியில் தன் நான்கு வருடமும் சேலையூர் மெயின் ரோட்டில் வரிசையாக நடந்து போவதைப் பார்த்ததாக சித்திகா சொன்னார். பிறகு தேர்வாளர் குழாயை மேசையில் வைத்துவிட்டு, "சரி. எப்படித் தெரிஞ்சுப்பீங்க?" என்றிருக்கிறார்.

அது வேறு கேள்வி. அதற்கு சித்திகாவிடம் சரக்கு இருந்தது. எங்கள் பிளம்பர் ஒருவர் அது வெள்ளத்து வருடம் என்கிறார், அவர் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாராம். வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எத்தனை அடுக்கு, ஒரு வருடத்துக்கு எவ்வளவு படியும், வெள்ளம் புகாத தெருவிலிருந்து ஒரு துண்டு கிடைத்தால் அதில் வளையம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், இதுவே ஒரு அத்தியாயம் என்றார். பன்னிரண்டு நிமிடம் வெளியே நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் 'உறுதி' என்று இருந்தது.

"என் பேரு எழுதுவாங்களாக்கா அந்த புக்ல?" என்று சக்திவேல் இரண்டாவது தம்ரூட்டை எடுத்தபடி கேட்டார். எழுதத்தான் போகிறேன், ஆனால் வெள்ளம் புகாத வீடாகப் பார்த்து ஒரு துண்டு வேண்டும் என்றார் சித்திகா. அவர் தலையாட்டிக்கொண்டே போனார். மொஹ்சின் யாருக்கோ தொலைபேசியில் அக்கா பாஸ் என்று ஏழாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, மோட்டார் குழாயின் அடியில் மாட்ட, பித்தளையில் ஒன்றரை இன்ச் ஃபுட் வால்வு இருக்கிறதா என்று கேட்டார். மொஹ்சின் போனைக் காதிலிருந்து எடுத்தார். பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது, இன்னும் நல்லது என்ற சொற்கள் அவர் உதட்டுக்கு வந்துவிட்டதை நானே பார்த்தேன்.

"இல்லீங்க" என்றார் சித்திகா.

வந்தவர் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல நின்றார். எதுவும் வரவில்லை. "ரொம்பத் தேங்க்ஸ்மா, நாலு கடை ஏறி எறங்கிட்டேன்" என்று சொல்லி ஒரு தம்ரூட்டை வாங்கிக்கொண்டு போனார். கையில் போனும் திறந்த வாயுமாக மொஹ்சின் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்திகா நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியில், நாளைவரை காத்திராமல், ஆகஸ்ட் பதினான்கைக் கிழித்தார். தாளைக் கல்லாமேல் குப்புறப் போட்டு, 'பித்தளை ஃபுட் வால்வு, ஒன்றரை — எங்கே கிடைக்கும்?' என்று எழுதி, இரண்டாக மடித்து, கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து உள்ளே போட்டார்.